இரண்டு கட்டில் போட்ட வீடு

மகளே,

கோடை விடுமுறையில் நீயும் சூயுனும் செய்த காகித வீட்டை நேற்று விற்றுவிட்டேன். வாங்கியவள் சூயுனின் அம்மா.

செத்தவர்களுக்காக எரிக்கிற வீட்டில் மொட்டை மாடியும் துணிக்கொடியும் எதற்கு, இதை எவன் வாங்குவான் என்று அப்போது உங்களைக் கேலி செய்தேன். "செத்துட்டா துணி துவைக்க வேணாமா மாமா?" என்றாள் சூயுன். வடிவமைப்புக் கல்லூரியில் இதைத்தான் சொல்லித்தருகிறார்களா என்று சிரித்தேன்.

அந்த அம்மாள் வீட்டுக்குள் குனிந்து பார்த்தாள். இரண்டு கட்டில்களில் ஒன்றை மெதுவாகப் பிய்த்து என் கையில் கொடுத்தாள்.

"இது போக வேணாம்ணே. உங்க பொண்ணு இங்கயே தூங்கட்டும்."

விபத்தன்று ஸ்கூட்டரை ஓட்டியது நீ என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

உன் காலில் போட்ட மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்களா? தைப்பேயில் அறையைப் பூட்டிக்கொண்டு கிடப்பதாகக் கேள்விப்பட்டேன். இறுதிச் சடங்குக்கும் நீ வரவில்லை.

பெற்றவள் தன் பிள்ளைக்காக எதையும் எரிக்கக் கூடாது என்பது நம் வழக்கம். எரிப்பதற்குச் சூயுனுக்குத் தம்பி தங்கையும் இல்லை. சாவுச் சாமானுக்கு யாரும் பேரம் பேச மாட்டார்கள். இத்தனை வருட வியாபாரத்தில் நேற்றுதான் ஒருத்தி பேசினாள். நானும் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

பணத்தில் ஒரு காசும் குறைக்காமல் கொடுத்துவிட்டாள். ஞாயிறு காலை வீட்டை நான் அவள் வாசலில் இறக்க வேண்டும். தீ வைக்க வேண்டியது நீ.

அப்பா