ஆறிப்போன கையில் கட்டு

கரமனை
ஞாயிற்றுக்கிழமை

சிரஞ்சீவி மஹேஷுக்கு அம்மா அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இங்கே அப்பா, நான், பத்மஜா மூவரும் உடம்பளவில் சௌக்கியம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பத்தான் முடியும், போனில் கேட்டால் ஆச்சு ஆச்சு என்று ஒரே பதில்தான் வருகிறது. கௌஹாத்தியில் குளிர் தொடங்கியிருக்கும், போன வருஷம் வாங்கின ஸ்வெட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்தாயோ இல்லையோ. இந்தக் காலத்தில் அம்மா ஏன் காகிதத்தில் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறாள் என்று யோசிப்பாய். என் போன் பாதி நேரம் உன் தங்கையிடம்தான் இருக்கிறது, ஸ்கூல் பாடமெல்லாம் அதில்தான் வருகிறது. இது அவள் கண்ணில் படக்கூடாது. பாதியில் பயந்துபோய் அவளைக் கூப்பிட்டுவிடாதே, கடைசிவரை படி.

ஜூலை மழையில் ஸ்கூல் படியில் வழுக்கி அவளுக்கு வலது மணிக்கட்டு பிசகினது உனக்குத் தெரியும். பேண்டேஜ் சுற்றினார்கள், ஆகஸ்டில் அவிழ்த்தும் ஆயிற்று, கை நன்றாக ஆறிவிட்டது. போன வாரம் பழவங்காடியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பினால் அவள் கிளாஸ் டீச்சர் நிற்கிறார். பத்மஜாவின் கை இன்னும் சரியாகவில்லையே, நல்ல எலும்பு டாக்டராகப் பார்த்துக் காட்டக் கூடாதா என்று மலையாளத்தில் ரொம்பக் கரிசனமாகக் கேட்டார். தினமும் கட்டோடுதான் கிளாஸுக்கு வருகிறாளாம். காட்டுகிறேன் டீச்சர் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வீட்டிலிருந்து வெறும் கையோடுதான் போகிறாள், வெறும் கையோடுதான் திரும்பி வருகிறாள்.

பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. அவளுக்கு இருப்பது டி.சி.டி. என்று தெரபி மேடம் சொன்னபோது நீயும் கூட இருந்தாயே. என்ன செய்ய வேண்டும் என்று மனசுக்குத் தெரியும், கைகால் அந்தக் கணக்குக்கு வராது, புத்திக் குறைவும் இல்லை சோம்பலும் இல்லை என்றார். அது நமக்குத் தெரியும், கூடப் படிக்கிற பெண்களுக்குத் தெரியுமா. ஷூ லேஸ் கட்ட வராது, டிபனைத் திறந்தால் பாதி சாதம் பெஞ்சில், பந்தைப் போட்டால் மூக்கில் வாங்கிக்கொள்வாள். தட்டிமுட்டி என்று பேர் வைத்திருக்கிறார்கள். டீம் பிரித்தால் கடைசியில் மிஞ்சுவது அவள்தான். ஆனால் கை பிசகின நாட்களில் ஒருத்தி பையைத் தூக்கினாள், ஒருத்தி நோட்ஸ் எழுதிக் கொடுத்தாள், சாப்பிடும்போது நடுவில் உட்கார வைத்துக்கொண்டார்கள். சாயங்காலமானால் வந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தாள், நானும் அசடு மாதிரி சந்தோஷப்பட்டேன். அதே கைதான் மஹேஷ். கட்டுப் போட்டிருந்தால் பாவம் என்கிறார்கள், கட்டில்லாவிட்டால் சிரிக்கிறார்கள். பதிமூன்று வயசுப் பெண் வேறென்ன செய்வாள்.

ஆனால் ஒற்றைக் கையால் பேண்டேஜைச் சுற்றி கிளிப் மாட்ட அவளால் முடியவே முடியாது. அப்படியானால் யாரோ கட்டிவிடுகிறார்கள். யார், எதற்கு. மறுநாள் காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். பேக்கரி ஓரத்தில் அவள் கிளாஸ் பெண் ஆர்ஷா நின்றாள், பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆட்டோ ஓட்டுகிற சஜியின் பெண். தன் பையிலிருந்து பேண்டேஜை எடுத்து மடிப்பில்லாமல் அழகாகச் சுற்றிவிட்டாள். இரண்டு பேரும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். பத்மஜா அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று. ஒரு சிநேகிதியாவது இருக்கிறாளே என்று நிம்மதி வந்திருக்க வேண்டும், எனக்கு வந்தது பயம்தான். இந்தப் பெண்ணுக்கு ஒரு நாள் கோபம் வந்து கிளாஸில் சொல்லிவிட்டால் என்ன ஆகும், பொய்க்காரி என்ற பேரும் அல்லவா சேர்ந்துகொள்ளும்.

நேற்று ஆர்ஷா கணக்குப் புஸ்தகம் வாங்க வந்தாள். பத்மஜா குளித்துக்கொண்டிருந்தாள். சமையலறைக்குக் கூப்பிட்டு ஒரு தோசையைப் போட்டுக் கொடுத்து மெதுவாகக் கேட்டேன். தோசையைத் தொடாமலே அழ ஆரம்பித்துவிட்டாள். ஆன்ட்டி, நான் வேண்டாம்னுதான் சொன்னேன், நீ கட்டித் தரலன்னா கதவிடுக்கில கைய வச்சு நெசமாவே ஒடிச்சுக்கிடுவேன்னு சொல்லுதா, ஒருக்கா கிளாஸ் கதவுல கைய வச்சும் போட்டா, நான்தான் பிடிச்சு இழுத்தேன் என்றாள். எனக்கு அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றவில்லை. அவள் மேல் சந்தேகப்பட்டேனே, அந்தக் குழந்தை இவ்வளவு நாளாக இதைத் தனியாகச் சுமந்திருக்கிறது. நான் சொல்கிற வரைக்கும் கட்டுவதை நிறுத்தாதே அம்மா என்று நானே அவளிடம் கெஞ்சினேன்.

உடனே மாடிக்குப் போய் தெரபி மேடத்துக்குப் போன் செய்தேன். கட்டைப் பிடுங்காதீர்கள், பொய் என்று அதட்டாதீர்கள், தனியாக விடாதீர்கள், வியாழக்கிழமை அழைத்து வாருங்கள், மனநல டாக்டரும் பார்க்கட்டும் என்றார். அப்புறம் அவள் சம்மதித்தால் டீச்சரை வைத்துக்கொண்டு இந்தக் கஷ்டத்தைக் கிளாஸில் எப்படிச் சொல்வது என்று பார்க்கலாமாம். சம்மதிப்பாளா என்று எனக்குத் தெரியவில்லை. அதுவரைக்கும் ஸ்கூல் விட்டு பஸ் வந்து நிற்கிறவரை நான் படப்போகும் பாட்டை எழுத முடியாது. நீ வழக்கம்போலப் பேசு, உன் ஆபீஸ் கூத்தையெல்லாம் சொல்லிச் சிரிக்க வை, கையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே. கிறிஸ்துமஸ் லீவுக்கு எப்படியாவது வந்துவிடு, நீ இருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தைரியம்.

நீங்கள் இரண்டு பேரும் முழுசாக, நன்றாக இருக்க வேண்டும், பத்மநாபனிடம் நான் வேறொன்றும் கேட்பதில்லை. மறக்காமல் ஸ்வெட்டர் போட்டுக்கொள். இன்னொன்று, நீ வரும்போது வீட்டில் ஒரு கதவையும் சரியாகச் சாத்த முடியாது. அவள் கையெழுத்து கோணல் என்று கத்துகிற அப்பாவிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். பழைய வேஷ்டியைக் கிழித்துச் சுருட்டி, பாத்ரூம் கதவைக்கூட விடாமல், எல்லாக் கதவிடுக்கிலும் வைத்து ஆணி அடித்துவிட்டார். ஏன் என்று பத்மஜா கேட்டதற்கு, காத்துல அடிச்சுக்கறதேடி என்றார். உன்னிடம் அவள் கேட்டால் நீயும் அதையே சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெயலக்ஷ்மி