கூரையில் கிடைத்த முடி

முகத்துவாரக்குப்பம்
12-6-51

பட்டம்மாளுக்கு வேலப்பன் எழுதுவது.

எப்போதும் போல நலம் விசாரிக்க மனம் வரவில்லை.

நேற்று புது ஓலை போடக் கூரை மேல் ஏறினோம். நம் படுக்கைக்கு நேர் மேலே, பழைய ஓலைக்குள் ஒரு துணி முடிச்சு. அவிழ்த்தால் உள்ளே உருண்டை உருண்டையாக முடி. சுற்றியிருந்தது என் நீலச் சட்டையில் கிழித்த துணி. அம்மா அங்கேயே மார்பில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "இன்னாடா இது! உன் சட்டைத் துணில முடியைச் சுத்தி, உன் தலைக்கு மேலயே சொருவி வெச்சிகீறாளே! அதான் உனுக்குத் தலை கொட்டிகினு கீது!"

உண்மைதானே? கல்யாணத்தின்போது இருந்த முடி எங்கே? தலைப்பாகை இல்லாமல் நான் வெளியே போவதே இல்லை. வலையும் வெறுமையாகத்தான் வருகிறது. பூசாரி பார்த்ததுமே செய்வினை என்று சொல்லிவிட்டார். பிள்ளைக்கு ஐந்தாம் மாதம் பிறந்ததும் உங்கள் இருவரையும் உன் தாய்வீட்டிலிருந்து அழைத்துவர இருந்தேன். இனி அழைப்பதா வேண்டாமா என்று ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் முடிவாகும்.

நீ செய்தாயா?

வேலப்பன்


ராயபுரம்
15-6-51

மாமாவுக்குப் பட்டம்மாள் வணக்கம்.

உங்கள் காகிதத்தைப் படித்ததும் பிள்ளையை என் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். செய்வினையா? நானா?

அது என் முடி, மாமா. போன வருஷம் விஷஜுரத்தில் கிடந்தேனே, எழுந்த பிறகு கொத்துக்கொத்தாகக் கொட்டியது. பெண் பார்க்க வந்தபோது அத்தை என் பின்னலைக் கையில் பிடித்துப் பார்த்துத்தான் சம்மதம் சொன்னார்கள். அது எலிவாலானதை எப்படிச் சொல்வேன்? எங்கள் தெருவில் கொட்டிய முடியைச் சேர்த்துச் சவுரி கட்டிக்கொள்வார்கள். நீங்கள் பார்த்த கொண்டையில் பாதி அதுதான். மிச்சத்தை யார் கண்ணிலும் படாமல் கூரையில் செருகினேன். கைக்கு அகப்பட்டது உங்கள் கிழிந்த சட்டை. அவ்வளவுதான்.

பிள்ளை பெற்ற பிறகு மறுபடி கொட்டுகிறது. ஆஸ்பத்திரி நர்சு ஃப்ளோரன்ஸ் என் அழுகையைப் பார்த்துச் சிரித்தாள். "ஜொரம் வந்தாலும் கொட்டும், புள்ள பெத்தாலும் கொட்டும், ஒடம்புல ரத்தம் இல்லாங்காட்டியும் கொட்டும். இன்னாத்துக்கு அழுவுற? மொளைக்கும்மே!" உங்களைப் பற்றியும் கேட்டேன். "ஆம்பளைக்கு முன்னந்தலை போச்சின்னா அது பரம்பரை" என்றாள். உங்கள் பெரியப்பாக்கள் இருவரும் வெயிலுக்காகவா துண்டு கட்டிக்கொண்டு திரிகிறார்கள்? அவர்களுக்கும் நான்தான் வைத்தேனா?

நேரில் வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பிள்ளையையும் பார்த்திருக்கலாம்.

பட்டம்மாள்


முகத்துவாரக்குப்பம்
18-6-51

அன்புள்ள பட்டம்மாவுக்கு,

நலம். நீயும் பிள்ளையும் நலமா? உன் கடிதத்தைப் படித்துவிட்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். என்ன பாவம் செய்ய இருந்தேன்!

அந்தக் கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டுதான் கூட்டத்துக்குப் போனேன். படிக்க நினைத்தேன். படித்தால் பெரியப்பாக்கள் தலையும் என் தலையும் சந்திக்கு வருமே என்று வாய் எழவில்லை. "அவ செய்யல" என்று மட்டும் சொன்னேன். செய்வினை திரும்பிப் பாய்ந்து, செய்தவள் முடியும் கொட்டிப்போகும் என்கிறார் பூசாரி. நீ நிறைந்த பின்னலோடு கோயில் முன் வந்து நின்றால் குற்றமில்லை என்று ஒப்புக்கொள்வார்களாம்.

எதற்கு வம்பு? இன்று காலை ரயிலில் பாரிமுனை போய் நல்ல நீளமான சவுரி வாங்கினேன். மீன் விற்க ராயபுரம் வரும் நம் குப்பத்து ராஜாத்தி அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். ஒரு நாள் கூத்துதானே, வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை அழைத்துப்போக வருகிறேன்.

உன் வேலப்பன்


ராயபுரம்
21-6-51

மாமாவுக்கு,

சவுரி வந்தது. எவள் தலை முடியோ, தொடவே கூசியது. அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

என் கடிதம் உங்கள் இடுப்பிலேயே இருந்ததா? பாரிமுனைக்கு ராயபுரத்தைத் தாண்டித்தானே ரயில் போகிறது? சவுரி வாங்கப் போனவருக்கு இங்கே இறங்கத் தோன்றவில்லையே. உங்கள் முதல் காகிதத்தைவிட இதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். தலைப்பாகை இல்லாமல் வாருங்கள். எண்ணூர் ஸ்டேஷனிலிருந்து குப்பம் வரைக்கும் அவரவருக்கு இருக்கிற தலையோடு நடப்போம். கோயில் முன்னாலும் அப்படியே நிற்போம். அதற்குத் துணிவில்லை என்றால் வரவேண்டாம். என் பிள்ளையை நான் வளர்த்துக்கொள்வேன்.

இன்னொன்று. ஒரு வாரமாக அவனுக்கும் பின்னந்தலையில் முடி கொட்டுகிறது. அவனுக்குச் செய்வினை வைத்தது யார் என்று பூசாரியைக் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

பட்டம்மாள்