மேசன் விசாவும் மாமியின் சஹனும்

10.01.1982, ஞாயிறு

விடியத் தொட்டு மழை. மருதமுனை வெள்ளக்காடு. லீவில் வந்து மூன்று கிழமை. போகாத வீடில்லை, குடிக்காத சீனித் தேத்தண்ணியில்லை.

வேலைகள்: போட்டோ. தடுப்பூசி அட்டை. சப்பாத்து தைக்கக் கொடுக்க.

ரியாத் புதுப் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம். பழைய விசாவில் திரும்பி வந்து இறங்கு, மீதியை உனக்கு விசா தந்த கபீலிடம் நாங்கள் பேசிக்கொள்கிறோம் என்று. விசாவில் 'ஆசிரியர்' என்று எழுதுவார்களாம். குடும்பத்தையும் எடுக்கலாமாம். இப்போது விசாவில் நான் 'மேசன்', சுவர் கட்டுகிறவன். கபீலிடம் மிச்சமிருந்தது மேசன் விசாதான். டயர் கடைக்கு மேலே அவன் நடத்தும் வகுப்பில் நான்கு வருடமாக ஆங்கிலம் படிப்பிக்கும் மேசன். அவன் தன்னைக் கல்விமான் என்கிறான். அவனுக்குத் தெரிந்த கல்வி, என் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்து லீவுக்கு மட்டும் தருவது.

நான் போய் இறங்கும்வரை அவன் காதில் விழக்கூடாது. விழுந்தால் விசாவை வெட்டிவிடுவான். ஸரீனாவுக்கும் மாமிக்கும் மட்டும் சொன்னேன். மூச்சு விடக்கூடாது என்றேன்.

"ஓம் மருமகன், ஓம்" என்றார் மாமி. ஸரீனா ஒன்றும் பேசவில்லை. என் மனைவி எப்போதுதான் பேசினாள்?

13.01, புதன்

வெயில். கல்முனை. டிக்கட் ஏஜண்ட் ஹாஜியார். பெரிய மேசை, மேசையில் ஒன்றுமில்லை. ஹஜ்ஜுக்குப் போனதோடு சரி, அரபு நாட்டுச் சட்டமெல்லாம் இவர் வாயில்.

"விசாவில என்ன எழுதியிரிக்கி எண்டு ஆர் சேர் பாக்கிற? பிளேன் ஒங்கள ஏத்தும்தானே."

இப்படிப்பட்டவர்தான் ஊரையே ஏற்றி அனுப்புகிறார். 30ஆம் திகதிக்கு டிக்கட்.

பஸ்ஸில் பின் சீட்டில்: "இங்கிலீசு சேர்மாரெல்லாம் அங்க ஒட்டகம் மேய்க்கிறாங்களாம்." கேட்காத மாதிரி இருந்தேன்.

15.01, வெள்ளி

மாமியின் ஏற்பாட்டில் மௌலூது, நபி புகழ் ஓதிச் சாப்பாடு. பயணம் போகிறவனுக்கு ஓதாவிட்டால் ஊர் என்ன சொல்லுமாம்.

ஒரு சஹன், ஒரே பெரிய தட்டு, அதைச் சுற்றி ஆறு பேர். என் சஹனில் எனக்கு நேரே ஆதம்பாவா! கபீலின் கிளார்க். பக்கத்துக் கல்முனைக்குடிக்காரன். அவனும் லீவு, திங்கள் திரும்புகிறான். கபீலுக்கு வாலாட்டியே சம்பளம் கூட்டிக்கொண்டவன். இவனை யார் கூப்பிட்டது?

ஓத வந்த பள்ளி லெப்பை கையேந்தி, தெரு முழுக்கக் கேட்க: "மருமகன்ட புது வேலையில அல்லாஹ் பரக்கத் செய்யணும்!"

மாமிதான் அவர் காதில் போட்டிருக்கிறார். எதற்கென்று சொல்லாமல் எப்படி துஆக் கேட்பது என்று என்னிடமே கேட்கிறார். உரத்து ஆமீன் சொன்னவன் ஆதம்பாவா. இறைச்சியை இரண்டாம் தரம் அள்ளிக்கொண்டே:

"என்ன சேர், புது வேலையா? எங்களுக்குச் சொல்லப்படாதா?"

கையைக் கழுவிக்கொண்டு எழும்பினேன்.

26.01, செவ்வாய்

தந்தி. விசா ரத்து, வராதே என்று கபீல். அதிலும் ஆங்கிலப் பிழை. இவனுக்கு நான்தான் படிப்பித்தேன்.

மாமி அழுகை. "துஆக் கேட்டது குத்தமா மருமகன்?" மடச் சனம். இந்த ஊரில் ஒரு ரகசியத்தை வைப்பதைவிட நடுச்சந்தியில் சட்டையைக் கழற்றலாம்.

27.01, புதன்

கல்முனைத் தபாற்கந்தோரில் பாதி நாள். ரியாத் பள்ளிக்கூடத்துக்கு லைன் கிடைத்தது. கபீல் விடுகிறேன் என்று எழுதித் தராமல் அவர்களால் என்னை இங்கிருந்து எடுக்க முடியாதாம். எல்லாம் முடிந்தது. தலையிடி. வந்த வழியில் ஒருவருக்கும் ஸலாம் சொல்லவில்லை.

28.01, வியாழன்

மழை திரும்பவும். ஆதம்பாவாவை ஏன் கூப்பிட்டீர்கள் என்று மாமியிடம் பாய்ந்தேன். "நான் கூப்பிடல்லயே" என்று விழித்தார். அறைக்குள்ளிருந்து ஸரீனா வந்தாள்.

"நான்தான் ஆள் அனுப்பின. அவன் போய்ச் சொல்லுவான் எண்டு தெரிஞ்சிதான்."

 ஏன் என்றேன்.

"நாலு வருசமா நான் ஒங்கட போட்டோவோடதான் குடும்பம் நடத்தின. புது வேலையெண்டா இன்னும் நாலு வருசம்."

குடும்ப விசா தருவார்கள், உன்னையும் எடுப்பேன் என்று சொன்னேனே!

"சொன்னீங்க. வாறியா எண்டு கேட்டீங்களா? இது என்ட வீடு. உம்மா எனக்குத் தந்தது. நான் இதை உட்டுப்போட்டு எங்கயும் வரமாட்டன். நீங்க இரிங்க."

பெட்டியைத் திறந்து என் சட்டைகளை ஒவ்வொன்றாக அலுமாரியில் அடுக்கினாள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவள் இவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை.