சங்கவியின் பிளேன் இறங்கிவிட்டது

என்னங்க,

நேற்று மேகத்தால் சென்னைக்கே திரும்பிப்போன நம் சங்கவியின் பிளேன் இன்று காலை போர்ட் பிளேயரில் இறங்கிவிட்டது. அப்பாடா! "கடலைத் தாண்ட ரெண்டு மணி நேரந்தாம்மா. காட்டு ரோட்டுல வண்டியெல்லாம் ஒண்ணாச் சேர்ந்து போற கான்வாய்க்கு நின்னு நின்னு, நம்ம மாயாபந்தர் வர்றதுக்குத்தான் பொழுதே போயிடுச்சு" என்று பஸ்ஸிலிருந்து போன் செய்தாள். அவளைக் கூட்டிவர பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறேன். மீன் குழம்பு ஆயிற்று. சாதம் மட்டும் வடித்துவிடுங்கள்.

கடல் தாண்டி மெயின்லேண்டில் வேலை என்றால் ரொம்ப தூரம் என்று கோபித்து அவளோடு பேச்சையே நிறுத்தினீர்களே, இன்றைக்காவது வாய் திறந்து "வாம்மா" என்று சொல்லுங்கள்.

கமலாட்சி

மறந்துவிட்டேன்: நேற்று நீங்கள் வாசலில் நின்று மேகத்தைத் திட்டிக்கொண்டிருந்ததை அவளிடம் சொல்லிவிட்டேன். இனி விறைப்பாக உட்கார்ந்தாலும் நம்பமாட்டாள்.