நாலாவது மாடிப் பலகை

மார்ச் 4

செல்ல மகளுக்கு,

அப்பா எழுதுவது. ஆமாம், நானேதான். பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்து எழுதவில்லை. முதியோர் வகுப்பில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. இந்தக் கடிதத்தை முந்தாநாள் தொடங்கினேன்; ஒரு வரிக்கு ஒரு டீ ஆகிறது. அம்மா, "பேசாம ஒரு போன் பண்ணித் தொலைங்களேன்" என்கிறாள். போனில் யார் வேண்டுமானாலும் பேசலாம்.

உன் பாங்க் இருக்கும் அந்தப் பெரிய ஷாப்பிங் மாலைப் பார்க்க ஆசை. கண்ணாடிக் கூரையாம், உள்ளேயே ஓவியக்கூடமாம். மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் பேச்சை மாற்றிவிட்டாய். உன்னோடு வேலை செய்பவர்கள் முன்னால் மூட்டை தூக்கினவன் வந்து நிற்க வேண்டாம் என்று நினைத்தால் சொல்லிவிடு. கோபப்பட மாட்டேன். தெரிந்தால் போதும்.

இப்படிக்கு, பெருவிரல் வைக்காமல் கையெழுத்துப் போடும்,
அப்பா


மார்ச் 11

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முத்து முத்தான எழுத்து! அப்படியெல்லாம் நினைக்காதீர்கள். இங்கே வேலை அதிகம், அந்த நகரும் படிக்கட்டும் உங்களுக்கு ஆகாது. நானே ஊருக்கு வந்து எல்லாம் சொல்கிறேன். இப்போதைக்கு வர வேண்டாம்.

உங்கள் மகள்


மார்ச் 20

கண்ணு,

வர வேண்டாம் என்றாய். வந்தேன். திட்டுவதை அப்புறம் திட்டு.

நகரும் படிக்கட்டின் முன்னால் வெகுநேரம் நின்றேன். பின்னால் வந்த அம்மாள், "பெரியவரே, ஏறுறீங்களா, வேடிக்கை பாக்குறீங்களா?" என்றார். "அது நின்னா ஏறிடுவேம்மா" என்றேன். கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். ஓவியக்கூடத்தில் நல்ல மர நாற்காலி ஒன்று இருந்தது, உட்கார்ந்தேன். எதிரே பலகை. 'காட்சிப் பொருள், உட்கார வேண்டாம்' என்று எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் காவலாளி வந்துவிட்டார்.

பாங்கில் உன்னைக் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண், "அவங்க வேலைய விட்டு ரெண்டு வருஷமாச்சே! நாலாவது மாடில பாருங்க" என்றாள். மறுபடி அந்தப் படிக்கட்டில் ஏறினேன்.

நாலாவது மாடியில் பொம்மலாட்ட அரங்கு. வாசல் பலகையில் 'கதை, குரல், ஆட்டம்' என்று போட்டு, கீழே உன் பெயர். அதற்கு முன்னால் என் பெயரின் முதல் எழுத்து, ஒரு புள்ளியோடு. அந்த ஓர் எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பனை மறைக்க நினைப்பவள் அதை வாசலில் மாட்டுவாளா? முதுகிலிருந்து மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது.

கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஒரு கிழட்டு ஆமை லிஃப்டோடு சண்டை போட்டது: "ஏம்ப்பா, தெறந்தவொடனே மூடுறியே, நான் என்ன குரங்கா, தாவிக் குதிக்க?" அரங்கமே சிரித்தது. என் குரல்! என் இழுவை! பக்கத்தில் இருந்தவரிடம், "அந்த ஆமை நான்தான்" என்றேன். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

நீயாகச் சொன்னால்தான் நல்லது என்று உன்னைப் பார்க்காமலே திரும்பினேன். வாய் அடங்கியது, கை அடங்கவில்லை; இதோ எழுதிவிட்டேன். பாங்க் வேலை போன வருத்தம் பஸ் ஏறும்வரை இருந்தது. அப்புறம் ஆமை ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தேன், கண்டக்டர் முறைத்தார். அம்மாவிடம் சொன்னால், "எனக்குப் போன வருஷமே தெரியும்" என்கிறாள்!

அப்பா


மார்ச் 26

அப்பா,

பாங்க் வேலை கிடைத்தபோது தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தீர்கள். அதை விட்டுவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு வருஷமாக உங்கள் போன் வந்தாலே பேச்சை மாற்றத் தயாராகிவிடுவேன். நேற்று உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, அழுதேனா சிரித்தேனா என்று கேட்காதீர்கள். நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிறு பதினோரு மணிக்குக் காட்சி. அம்மாவை முன் வரிசையில் உட்கார வைத்துவிட்டு, நீங்கள் திரைக்குப் பின்னால் வந்துவிடுங்கள். உங்களைக் கேட்காமலே உங்கள் குரலை எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு நான் ஆமையை ஆட்டுகிறேன், நீங்கள் பேசுங்கள்.

உங்கள் மகள்