ஆர்க்கிட் குடிலில் நடந்தது

அன்பு மருமகளுக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள் கண்ணு. வலக்கையில் மாவுக்கட்டு.

உன் ஆர்க்கிட் செடிகளில் மிஞ்சிய ஐந்தை உன் தோழி லோகப்பிரியாவிடம் கொடுத்தனுப்புகிறேன். தொட்டியில் மண் போடாதே. அடுப்புக்கரியும் தேங்காய் மட்டைத் துண்டும் போதும். வேருக்குக் காற்றுப் பட்டால் கொத்துக் கொத்தாகப் பூக்கும்.

ஞாயிற்றுக்கிழமை என் மகன் கடப்பாரையோடு உன் நிழல்வலைக் குடிலுக்குள் புகுந்தான். "அவ எங்கன்னு சொல்லிப்போடுங்கம்மா" என்று கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு தொட்டியாக உடைத்தான். பெற்றவளிடம் மரியாதை மட்டும் குறையவில்லை. ஊதாப் பூக்களைச் செருப்புக்காலால் தேய்த்தான். நான் வாய் திறக்கவில்லை. என் கையைப் பிடித்து முறுக்கினான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

"உங்களக் கொன்னுபோட்டு அவளையும் தேடிக் கொல்லுவனுங்க" என்று கடப்பாரையை ஓங்கினான்.

மட்டை நறுக்கும் கொடுவாள் பக்கத்தில் கிடந்தது. இடது கையால் எடுத்து, அவன் ஓங்கிய கையை வெட்டினேன். கடப்பாரை கீழே விழும்வரை வெட்டினேன்.

போலீஸிடம் நடந்ததை நானே சொல்லிவிட்டேன். உன் மாமனார் என்னோடு பேசுவதில்லை. "பெத்தவளா நீ?" என்று ஒரு முறை கேட்டார், அவ்வளவுதான்.

நேற்று அவனைப் பார்க்கப் பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தக் கை இனி உதவாது என்றார் டாக்டர். கட்டில் ஓரம் உட்கார்ந்து அழுதேன். அவன் அழவில்லை.

"இன்னொரு கை இருக்குதுங்கம்மா" என்றான்.

இந்தப் பக்கம் வந்துவிடாதே, கண்ணு.

உன் அத்தை