நான் அடைத்த ஓட்டைகள்

கிளி,

கீழ்வீட்டு இபி இன்று காலை ஒரு புதுத் துணியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். சிவப்பிலும் நீலத்திலும் கட்டம் போட்ட மெட்ராஸ் துணி. மடிப்பை விரித்ததும் கஞ்சி வாசம் மூக்கில் ஏறியது. துணியை முகத்தோடு வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். "என்ன மச்சாள், அண்ணையின்ரை சாறத்தை மோந்து பாக்கிறியளோ?" என்று நீ கேட்பாய் என்று என் காது காத்திருந்தது. நீ போய் ஒரு மாரி முடிந்துவிட்டது. என் காதுக்கு மட்டும் அது இன்னும் தெரியவில்லை.

உன் அண்ணர் என்னைக் கட்டியபோது நீ பதின்மூன்று வயதுப் பிள்ளை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், நீ இங்கிலிஷ் படித்தவள். இந்த மொன்றியலில் எனக்கு வாயாக இருந்தது நீதான். டொக்டரிடம், பள்ளிக்கூடத்தில், முடக்கில் இருக்கிற டெப்பனர் கடையில் கூட. பார்க் எக்ஸ்டென்ஷனில் இந்த வீட்டுக்கு வந்த கிழமையே கீழ்மாடியில் ஒரு சிநேகிதியைப் பிடித்துக்கொண்டு வந்தாய். "நைஜீரியாக்காரி, மச்சாள். சித்திரக்காரியாம். வாங்கோ, ஒருக்கால் போய்ப் பாப்பம்."

சித்திரம் என்றால் மலையும் ஆறும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு உன்னோடு வந்தேன். அவளுடைய சுவர் முழுக்கச் சாறம். எங்கள் ஆம்பிளையள் வீட்டில் உடுத்துகிற அதே கட்டம். நீ என் காதுக்குள், "இவளுக்கு எத்தினை புருஷன்மார் மச்சாள், இவ்வளவு சாறம் காயுது?" என்றாய். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இபி என்னவென்று கேட்க, நீ கொஞ்சமும் வெட்கப்படாமல் அதை அப்படியே இங்கிலிஷில் சொன்னாய். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கே நீங்கள் இருவரும் ஒன்றாகிவிட்டீர்கள்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தேத்தண்ணி ஊற்றித் தருவாள், அவள் சொல்லச் சொல்ல நீ எனக்குச் சொல்வாய். அவளுடைய ஆட்கள் ஆற்று முகத்துவாரத்தில் இருக்கிறவர்கள். மெட்ராஸில் நெய்த துணி அந்தக் காலத்திலேயே கப்பலில் அங்கே போனதாம். அந்தப் பெண்கள் அதை வந்தபடியே உடுத்தவில்லை. ஊசியால் ஒரு இழையைத் தூக்கி, இரண்டு பக்கமும் பிளேடால் வெட்டி, உருவி எடுப்பார்கள். இப்படியே ஒவ்வொரு இழையாக எடுத்து, கட்டத்துக்குள் தங்கள் பூவையும் கோலத்தையும் கொண்டுவருவார்கள். இபி அதைப் பழகி, லண்டனில் படித்து, அங்கே இரும்பை உருக்கி ஒட்டவும் பழகினவள். அந்த வெட்டின துணியை இரும்புக் கம்பியில் தூக்கி, பின்னால் விளக்கு வைப்பாள். ஓட்டைகளின் கோலம் சுவரில் போய் விழும்.

லண்டனில் ஒரு வாத்தியார் அவளிடம், முகமூடி ஒன்றும் இல்லையே, இதில் ஆபிரிக்கா எங்கே என்று கேட்டாராம். அவள் சொன்ன பதிலை நீ எழும்பி நின்று, இடுப்பில் கை வைத்து எனக்கு நடித்துக் காட்டினாய். "துணி மெட்ராஸ், கம்பி லண்டன். வெட்டினது நான். ஆபிரிக்கா வெட்டின இடத்திலை இருக்குது, வடிவாய்ப் பாருங்கோ சேர்!"

அந்த வெட்டைப் பழக்கித் தரச் சொல்லி எத்தனை முறை அவளைக் கெஞ்சினாய். "முதல்லை பாத்துப் பழகு" என்பாள். கடைசியில் ஒரு நாள் மனம் இளகி, ஒரு துணியை நம்பி உன் கையில் தந்தாள். மூன்று மாதம் அவள் வெட்டின துணி. அடுத்த கிழமை கண்காட்சி. மேல் விளிம்பில் கம்பி போக ஒரு மடிப்புத் தைத்துக் கொடுத்தால், அடுத்த துணியில் உனக்கு வெட்டப் பழக்குவதாகச் சொன்னாளாம். நீ அதைச் சாமிப்படத்துக்குக் கீழே வைத்துவிட்டு வேலைக்குப் போனாய்.

நான் தையல் ஃபக்டரியில் பழுது மேசையில் இருந்தவள். இழை விட்ட துணி வந்தால், அதே நிற நூலை மேலும் கீழும் கோத்து, ஓட்டை இருந்த இடமே தெரியாமல் நெய்துவிடுவேன். என் கண்ணுக்கு ஓட்டை என்றால் பழுதுதான். அன்று உனக்குப் பதிலாக மடிப்பைத் தைத்து வைக்கலாம் என்று எடுத்தால், ஒரு கரையில் நிரையாக ஓட்டைகள். மற்றப் பக்கத்தில் பூ மாதிரி இருந்தது, அது அவள் வெட்டினது என்று விளங்கியது. இந்தக் கரையில் பூ இல்லை, கோலமும் இல்லை. பூச்சி அரித்துவிட்டது, பாவம், அவள் கவனிக்கவில்லை என்றுதான் எண்ணினேன். காலையில் தொடங்கி நாலு மணி வரைக்கும் இருந்து ஒரு சாண் அகலத்துக்கு அடைத்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு வடிவாக நான் ஃபக்டரியில் ஒரு நாளும் செய்ததில்லை. நீ வந்ததும் காட்டக் காத்திருந்தேன்.

நீ கோட்டைக் கூடக் கழற்றவில்லை.

"ஐயோ மச்சாள், என்ன செய்து வைச்சிருக்கிறியள்? அது தண்ணி. அவளின்ரை ஆறு அது!"

அதற்குள் இபி கதவைத் தட்டினாள். துணியைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வெளிச்சம் வரவேண்டிய இடத்தில் வரவில்லை. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் நீ நடுவில் வந்து நின்று, "மீ, மீ" என்று உன் நெஞ்சில் தட்டினாய். பிறகு என்னவோ கடகடவென்று சொன்னாய். அவ்வளவு இங்கிலிஷ் எனக்கும் விளங்கும், கிளி.

"உண்மையைச் சொல்லடி" என்று உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"சும்மா இருங்கோ மச்சாள். எனக்கு வாய் இருக்குது, நான் சமாளிப்பன். உங்களோடை கோவிச்சால் நீங்கள் என்னெண்டு கதைப்பியள்?"

அந்தக் கரையைப் பிரிக்க என் கை நல்ல கை என்று இபியிடம் நீதான் சொல்லியிருக்கிறாய். மூன்று பகல் இபியும் நானும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, நான் கோத்த நூலை ஒவ்வொன்றாக எடுத்தோம். கண்காட்சிக்குத் துணி போய்ச் சேர்ந்தது. ஆனால் அடுத்த துணி வந்தபோது அவள் பிளேடை என் கையில் தந்தாள். உனக்குத் தரவில்லை. அதற்குப் பிறகும் தரவில்லை. அவள் உன்னோடு சிரித்தாள், கதைத்தாள், தேத்தண்ணியும் தந்தாள். துணியை மட்டும் உன் கைக்கு எட்டாமல் வைப்பாள். நீ ஹீட்டரோடு சாய்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் சொல்வதை எனக்குச் சொல்லித் தந்தாய். "ரெண்டு இழை விட்டு மூண்டாவதாம் மச்சாள். இழுக்கேக்கை மூச்சை விடாதேங்கோவாம்." நீ ஆசைப்பட்ட வேலையை உன் வாயால் கேட்டு நான் பழகினேன்.

பிறகு நீ வருத்தமாய் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு நாள் துணிந்து சொன்னேன், "நான் இபியிட்டைச் சொல்லிப்போடுறன்" என்று. சேலைன் ஏறின கையால் என் வாயைப் பொத்தினாய். "பேந்து, ஆறுதலாய்ப் பாப்பம்" என்றாய்.

உன்னைக் கிடத்தியிருந்த இடத்துக்கு இபி ஒரு வெட்டின துணி கொண்டுவந்தாள். அவர்களில் ஒருவர் போனால் நல்ல துணிகளை விரித்துத்தான் அனுப்புவார்களாம். என் மகள் கேட்டுச் சொன்னாள். உன் காலடியில் அதை விரித்தபோது பின்னால் யாரோ, "என்னப்பா, கிழிஞ்ச சாறம் போடுறாள்?" என்றார்கள். நான் திரும்பி, "அது கிழியேல்லை, வெட்டினது" என்றேன். அதற்கு மேல் சொல்ல வரவில்லை. உனக்கென்றால் அந்த மண்டபம் முழுக்கச் சொல்ல வந்திருக்கும்.

இப்போதும் ஞாயிறுகளில் கீழே போகிறேன். நானும் அவளும் கதைக்காமல் வெட்டுகிறோம். என் விரலில் இருக்கிறது எல்லாம் உன்னுடைய குரல்தான். ரெண்டு இழை விட்டு மூண்டாவது.

இன்று துணியைத் தந்துவிட்டுப் போகும்போது இபி மகளிடம் ஒரு விஷயம் சொன்னாள். வசந்தத்தில் வரும் கண்காட்சியில், சுவரில் தன் பெயருக்குக் கீழே வெட்டின ஆளின் பெயரையும் போடப் போகிறாளாம். என் பெயரைத் தமிழில் எழுதித் தரட்டாம். மகளுக்குப் பெரிய புழுகம், துள்ளிக் குதிக்காத குறை. நான் துணியை மடித்துச் சாமிப்படத்துக்குக் கீழே வைத்துவிட்டேன்.

வாற ஞாயிறு மகளைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். ஓட்டையை அடைத்தது நான் என்று சொல்லுவேன். அதற்குப் பிறகு அவள் பிளேடைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுவேன். கேட்காவிட்டால், என் பெயரோடு உன் பெயரையும் எழுதச் சொல்லுவேன். இரண்டையும் வடிவாக எழுதித் தர நான் கையெழுத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

நீ கோபிப்பாய். எனக்குத் தெரியும். ஏன் மச்சாள் என்னைக் கேக்காமல் சொன்னனீங்கள் என்பாய். அன்றைக்கு அந்தப் பழியை நீ எடுத்தபோது என்னை ஒரு வார்த்தை கேட்டாயா, கிளி?